ஒரு போட்டுக்கு மூன்று வீட்டு வலை

சுனாமியில் போட் போனவர்களுக்கு நிவாரணம் கொடுத்தபோது, எங்கள் மூன்று குடும்பத்துக்கும் சேர்த்து ஒரு ஃபைபர் போட் வந்தது. மற்ற இரண்டு குடும்பங்கள் என் தாய்மாமாவுடையதும் என் மனைவியின் அண்ணன் சேகருடையதும். இன்ஜின் ஓட்டத் தெரிந்தவன் நான்தான். ஓட்டுகிறவன்தான் எதை ஏற்றுவது என்று சொல்ல வேண்டும். எனக்கு அப்படியெல்லாம் சொல்ல வராது.

1. ஏற்றியது

எங்கள் கரையில் எவன் வலையில் மீன் படுகிறதோ அவனுக்கு ஒரு பங்கு கூடுதல். அதனால் வலையைக் கரையில் விட்டுவர யாருக்கும் மனம் வராது. முதல் நாள் நான் முன்னால் போய், கவலை மீன் பிடிக்கும் என் வலையை அடியில் போட்டேன். அதன்மேல் மாமா நண்டு வலையைப் போட்டார்.

"இதுவும் கெடக்கட்டும் மாப்ள. சோறா கேக்குது?"

சேகர் தூண்டில் பெட்டியோடு வந்தார். "அப்ப என்னுது மட்டும் கரையில குந்தியிருக்கணுமா மாமா?"

அதையும் ஏற்றினோம். ஐஸ் பெட்டிக்கு இடமில்லை. மீன் ஏலம் எடுக்கும் அக்கா ஒருவர் பார்த்துவிட்டு, "கடலுக்குப் போறீங்களா, குடி மாறிப் போறீங்களா?" என்றார். மீன் பிடிக்கத் தேவையான எல்லாம் போட்டில் இருந்தது. மீனை வைக்கத்தான் இடமில்லை.

2. கொட்டியது

பரங்கிப்பேட்டைக்கு நேரே கவலை மீன் கூட்டமாக வந்தது. கவலை வலையோ அடியில். மேலே இருந்ததை இழுத்தபோது தூண்டில் முள் நண்டு வலையில் மாட்டிக்கொண்டது. பிரித்து முடிப்பதற்குள் கூட்டம் போய்விட்டது.

"ஒன் முள்ளு என் வலைய நாசம் பண்ணிச்சிடா."

"ஒங்க வலைதான் மாமா என் முள்ளப் புடிச்சிச்சி."

மத்தியானத்துக்கு முன் இன்னொரு கூட்டம் வந்தது. இந்த முறை நிறையவே விழுந்தது. வலையை மீனோடு ஏற்றியதும் போட்டின் விளிம்பு தண்ணீரைத் தொட்டது. ஆறு கடலில் சேரும் இடத்தில் அலை மடங்கி விழும். அதைத் தாண்டித்தான் துறைமுகத்துக்குள் போக முடியும். இந்தப் பாரத்தோடு போனால் போட் கவிழும். மூன்று வீட்டுக்கும் இருப்பது அந்தப் போட் ஒன்றுதான்.

இன்ஜினை நிறுத்தினேன். "எதையாச்சும் கடல்ல போடணும்," என்றேன்.

மாமா தூண்டில் பெட்டியைப் பார்த்தார். சேகர் நண்டு வலையைப் பார்த்தார். பிறகு இருவரும் என் வலையைப் பார்த்தார்கள்.

வலைகள் ஆளுக்கு ஒன்று. மீன் மட்டும்தான் பொது. அதனால் மீனைக் கொட்டுவதில் தகராறு வரவில்லை. வலையை உதறி உதறி முக்கால்வாசி மீனைக் கடலுக்கே கொடுத்தோம். கடற்காகங்கள் வந்தன. எல்லா வலையும் பத்திரமாகக் கரைக்கு வந்தது.

3. இறக்கியது

மறுநாள் முதலில் ஐஸ் பெட்டியை ஏற்றினேன். மீதி இடத்தைப் பார்த்தேன். என் வலையைத் தூக்கிக் கரையில் வைத்தேன்.

"ஏன் மாப்ள, ஒன் வலை?"

"இன்னிக்கி ஒங்க வலை மாமா."

மாமா என் முகத்தைப் பார்த்தார். சேகர் பெட்டியைத் தோளில் வைத்தபடி சும்மா நின்றார். பிறகு அவரும் அதை என் வலைக்குப் பக்கத்தில் இறக்கினார்.

"நாளைக்கி என்னுதா மச்சான்?"

"ம்."

புதிதாகப் போட் ஓட்ட வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் மீனுக்கு இடம் விடுங்கள். மிச்சமிருக்கும் இடம்தான் வலைக்கு. எதையாவது இறக்க வேண்டுமென்றால் முதலில் உங்களுடையதை இறக்குங்கள். அதற்குமேல் அதிகம் பேச வேண்டியிருக்காது. அது எனக்கு வசதியாக இருந்தது.