ஓநாய்கள் கண்டுகொள்ளாத சிறுமி

ஒன்பது வயதுப் பிள்ளையின் கையில் வாளைக் கொடுக்கலாமா? இதை எழுதும் இந்த நிமிடம்வரை எனக்குப் பதில் தெரியவில்லை.

நிஜ வாள் இல்லை, வீடியோ கேம் வாள்தான். சிங்கப்பூரில் வேலை முடிந்து எல்லைப் பாலம் தாண்டி வீட்டுக்கு வரும் கணவர், போன வாரம் ஒரு கேம் வாங்கி வந்தார். காட்டுக்குள் சண்டை போட்டு, பாயிண்ட் சேர்த்து, அதைக்கொண்டு திறமைகளை வளர்த்துக்கொண்டே போகிற கதை. மகள் யாழினி துள்ளினாள். நான்தான் குறுக்கே நின்றேன்.

"அம்மா முதல்ல விளையாடிப் பார்க்கிறேன். ஸ்கூல் லீவு விடுறதுக்குள்ள சொல்றேன்."

"கேமுக்கும் டெஸ்ட் வெச்சு மார்க் போடப் போறியா?" என்றார் கணவர்.

போடுவேன். சொன்னால் சொன்னதுதான்.

விளையாடிப் பார்த்ததில் குறைகள் ஏராளம். ஆட்கள் பேசி முடித்த பிறகுதான் வாய் அசைகிறது. சண்டை சூடுபிடிக்கும்போது பார்த்து, கேமரா மரத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது... ஆனால் வாளை வீசினால் கையில் பிடித்திருக்கும் கன்ட்ரோலரில் ஓர் அதிர்வு வருகிறதே, அதற்காகவே இன்னொரு தடவை வீசலாம். வாஷிங் மெஷினில் துணி கிடப்பதே எனக்கு மறந்துபோனது.

சிக்கல் வேறு இடத்தில். கேமில் நாம் ஆட்டுவிக்கும் வீராங்கனையின் பின்னாலேயே ஒரு சிறுமி வருகிறாள். அவளை ஊரில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வழியில் அடிபட்டால்? கிடைத்த பாயிண்ட் அத்தனையையும் மருந்து தயாரிப்பதில் போட்டேன். ஓநாய் வந்தால் அவளைத்தான் திரும்பிப் பார்ப்பேன். அதற்குள் அது என்னைக் கடித்துவிடும். மறுபடி முதலிலிருந்து.

நேற்று பள்ளி விட்டு வந்த யாழினி, பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அம்மா, கிளினிக் திறக்கப் போறீங்களா? வாள் இன்னும் லெவல் ஒண்ணுலேயே இருக்கு."

"அந்தப் பிள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"அவளுக்கு ஒண்ணும் ஆகாது லா. ஓநாய் அவளுக்குள்ள பூந்துதான் வருது, பாருங்க. கேம் செஞ்சவங்க மிஸ்டேக்."

பார்த்தேன். உண்மைதான். ஓநாய் அவளை ஊடுருவி வந்து என்னைக் கடித்தது. அவள் பூப் பறித்துக்கொண்டிருந்தாள்.

பயம் அதிகமானால் கவனமும் அதிகமாகும் என்று நினைத்திருந்தேன். எங்கே... பயப்படுகிறவள் கண்ணுக்குத் தன் பயம் மட்டும்தான் தெரிகிறது. சோதிக்க உட்கார்ந்தது நான் — கண்டுபிடித்தது அவள்.

இன்று காலை மறுபடி ஆடினேன். ஓநாய் வந்தது. எல்லாம் தெரிந்தும் என் விரல் வீராங்கனையைப் பின்பக்கம் திருப்பியது. செத்தேன்.

விடப்போவதில்லை. லீவுக்குள் அந்தக் காட்டைக் கடந்து, மகளுக்கு ஒரு பதில் சொல்லியே தீருவேன். இதெல்லாம் ஆடிப் பழகிய அம்மாக்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள் — பிள்ளையைத் திரும்பிப் பார்க்காமல் நடப்பது எப்படி?