சோற்றில் நின்ற குச்சிகள்

சாப்பாட்டில் கரண்டி நட்டமாக நின்றால் மதியழகனுக்குப் பொறுக்காது. கல்யாணப் பந்தியில் யாராவது தயிர்சாதப் பாத்திரத்தில் கரண்டியைக் குத்தி வைத்துவிட்டு நகர்ந்தால், பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய் இடது கையால் அதை எடுத்துப் படுக்க வைத்துவிட்டு வருவான். பந்தியில் இருக்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள். பட்டறையில் சில வேலையற்றவர்கள் வேண்டுமென்றே டிபன் பாக்ஸில் ஸ்பூனை நட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்ப்பார்கள். அவன் கோபப்பட மாட்டான். ஸ்பூனை எடுத்து மூடிமேல் வைத்துவிட்டு, "வேண்டாங்ண்ணா" என்பான்.

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை எங்களுடையது. அவன் வெல்டர், நான் பெயின்டர். எனக்குப் பேய், பிசாசு, சகுனம் எதிலும் நம்பிக்கை கிடையாது. வண்டிக்குப் பின்னால் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு முழிக்கிற திருஷ்டிப் பூதத்தை இருபது வருஷமாக வரைகிறவனே நான்தான். வரைகிறவனுக்குத் தெரியாதா அந்தப் பூதத்தின் லட்சணம்.

மதியழகனுக்கு ஊர் எருமப்பட்டிப் பக்கம். வீட்டில் அவனும் அம்மா முத்தாயம்மாளும் மட்டும்தான். தம்பி அன்பு போர்வெல் ரிக் வண்டியில் வேலைக்குப் போனவன், சத்தீஸ்கரில் இறந்துபோனான். அப்போது மதியழகன் ஜப்பானில் இருந்தான். வெல்டிங் வேலைக்கு ஒப்பந்தத்தில் போயிருந்தான். அது முடிந்து ஊருக்கு வந்தவன், தம்பியின் முதல் நினைவு நாளில் படையல் போட்டபோது வீட்டுக்குள்ளேயே வரவில்லை. வாசலில் நின்றுவிட்டுப் போய்விட்டான். அடுத்த வருஷம் அந்த நாளில் ஊரிலேயே இல்லை. கூடப் பிறந்தவனுக்கு ஒரு வாய் சோறு படைக்க மனசு வராதவனோடு தனக்கு என்ன பேச்சு என்று முத்தாயம்மாள் அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

ஒரே வீட்டில் இரண்டு பேர். பேச்செல்லாம் ஆட்டுக்குட்டி வழியாகத்தான். "ராத்திரிக்கு ரசந்தான்னு சொல்லு" என்று அம்மா ஆட்டுக்குட்டியிடம் சொல்வார். "சேரின்னு சொல்லு" என்று இவனும் அதனிடமே சொல்வான். கேட்டால் சிரிப்பு வரும். நேரில் பார்த்தால் வராது.

இந்த வருஷம் நாள் நெருங்கியதும் அவன் என்னிடம் வந்தான். "நீங்க கூட வந்தீங்கன்னா நான் ஊட்டுக்குள்ள போவனுங்ண்ணா. அம்மாகிட்டச் சொல்லிப்போடோணும். தனியாச் சொல்ல முடியாதுங்க" என்றான். என்னத்தைச் சொல்லப் போகிறாய் என்று கேட்டேன். முதலில் எனக்குச் சொன்னான். எனக்குக் கதை கேட்கும் பொறுமை குறைவு. இதை மட்டும் டீ ஆறியது தெரியாமல் கேட்டேன்.

ஜப்பானில் அவன் தங்கியிருந்த தெருமுனையில் ஒரு பழைய நூடுல்ஸ் கடை. வாசலில் நீலத் துணி தொங்கும், குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே நீளமாக ஒரே பலகை, அதை ஒட்டி ஸ்டூல்கள். பலகைக்கு அந்தப் பக்கம் அடுப்புப் புகையும் ஆவியுமாக ஒரு கிழவர் மாவை மடித்து வெட்டிக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுக்கொண்டிருப்பார். அவர் மனைவி கொண்டுவந்து வைப்பார். இடியாப்பம் போல இருக்கிற நம் சந்தகையை விரல் தடிமனுக்குப் பிழிந்த மாதிரி வெள்ளை வெளேரென்று இருக்குமாம், மீன் வாசனை அடிக்கிற சாற்றில் மிதந்துகொண்டு. கூடவே ஒரு சின்னக் கிண்ணத்தில் சோறு. யாரும் யாரோடும் பேச மாட்டார்கள். எல்லாரும் உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்கும். நம்மூரில் அப்படி உறிஞ்சினால் முதுகில் ஒன்று விழும். அங்கே இவன் சத்தமில்லாமல் சாப்பிட்டதைப் பார்த்துத்தான், ருசி பிடிக்கவில்லையோ என்று அந்த அம்மா கவலையோடு எட்டிப் பார்த்தாராம்.

வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை இவன் போய்ச் சுவரோரத்து ஸ்டூலில் உட்காருவான். சட்டைப்பையில் முத்தாயம்மாள் அரைத்துக் கொடுத்த மிளகாய்ப்பொடி இருக்கும். சாற்றில் தூவிக்கொள்வான். அந்த அம்மா ஒரு நாள் அதை வாங்கி முகர்ந்து பார்த்து, தும்மித் தும்மிக் கண்ணீர் விட்டுச் சிரித்தாராம். அதற்கப்புறம் இவன் நுழைந்ததும் அந்தப் பொடிக்கென்று ஒரு குட்டித் தட்டம் அவன் இடத்துக்கு வந்துவிடும். பாஷை தெரியாத ஊரில் அவனுக்கென்று இருந்தது அந்த ஸ்டூலும் தட்டமும்தான்.

ஒரு ஞாயிறு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அன்பு வீடியோவில் கூப்பிட்டான். போனை எடுக்க வேண்டும், கையில் அந்த ஊரில் சாப்பிடுகிற இரண்டு குச்சிகள். நாலு பேர் சாப்பிடும் பலகையில் எச்சில் குச்சியை வைக்க இவனுக்கு மனசு வரவில்லை. எச்சில் பார்த்து வளர்ந்த பிள்ளை. சட்டென்று இரண்டு குச்சிகளையும் சோற்றில் நட்டுவிட்டுப் போனை எடுத்தான்.

அன்பு அதைப் பார்த்துவிட்டான். "என்னண்ணா, ஊதுபத்தியாட்ட நட்டு வெச்சிருக்கற? யாருக்குப் படையலு?" என்றான்.

"உனக்குத்தான்டா. வந்து தின்னுட்டுப் போ" என்றான் இவன். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அதற்குள் அந்த அம்மா வேகமாக வந்து குச்சிகளைப் பிடுங்கிக் கிண்ணத்தின்மேல் குறுக்கே வைத்தார். திட்டவில்லை. முகம் மட்டும் வெளிறிப்போயிருந்தது. அறைக்குத் திரும்பியதும் கூடத் தங்கியிருந்த வியட்நாம்காரனிடம் கேட்டான். அந்த நாட்டில் செத்தவர்களுக்கு வைக்கும் சோற்றில்தான் குச்சியை அப்படி நடுவார்கள் என்று அவன் சொன்னான்.

அந்த வாரமே அன்பு போய்விட்டான். ரிக் வண்டியின் கம்பத்தைத் தூக்கும்போது மேலே போன கரண்ட் கம்பியில் பட்டுவிட்டது. உடலை ஆம்புலன்ஸில் கொண்டுவந்து, வெகுநேரம் வைத்திருக்க முடியாது என்று சொந்தக்காரர்களே எல்லாவற்றையும் முடித்துவிட்டார்கள். நீ வந்து என்ன ஆகப்போகிறது, இருக்கிற வேலையையும் கெடுத்துக்கொள்ளாதே என்று இவனுக்குச் சொல்லிவிட்டார்கள். தம்பியின் காரியத்தை இவன் போனில் பார்த்தான்.

அதோடு அந்தக் கடைப் பக்கம் போகவில்லை. வெகு நாள் கழித்து ஒரு ஞாயிறு, கால் பழக்கத்தில் போய் நின்றுவிட்டான். துணியை விலக்கிக் குனிந்து உள்ளே பார்த்தான். கடை நிறையக் கூட்டம். இடம் கிடைக்காமல் இரண்டு பேர் நின்றுகொண்டிருக்கிறார்கள். சுவரோரத்து ஸ்டூல் மட்டும் காலி. அதற்கு எதிரே பலகையில் ஒரு கிண்ணம் சோறு, ஆவி பறக்கிற தேநீர், குறுக்கே படுத்த குச்சிகள். பக்கத்தில் அந்தக் குட்டித் தட்டம். அதில் இவன் எப்போதோ விட்டுவந்த மிளகாய்ப்பொடி ஒரு சிட்டிகை.

அந்த அம்மா இவனைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. என்னவோ வேகமாகச் சொன்னார், ஸ்டூலைக் காட்டினார். இவனுக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. ஆளில்லாத இடத்தில் சோறு போட்டு வைத்தால் நம்மூரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். தனக்குப் படையல் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தான். தம்பி முந்திக்கொண்டான், அடுத்தது நான் என்று பட்டதாம். திரும்பி ஓட்டமாக ஓடி வந்துவிட்டான்.

வியட்நாம்காரன் தலையில் அடித்துக்கொண்டான். வெளியூர் போனவர்கள் போன இடத்தில் பசியில்லாமல் இருக்க வேண்டும், நல்லபடியாகத் திரும்பி வர வேண்டும் என்று அந்தக் காலத்து ஆட்கள் வீட்டில் அப்படி ஒரு பங்கு எடுத்து வைப்பார்களாம். செத்தவர்களுக்கு இல்லையாம்.

"அதக் கேட்ட பொறகாவது போயிருக்கலாமில்ல?" என்றேன்.

"எந்த மூஞ்சிய வெச்சுட்டுங்ண்ணா போறது. ஒப்பந்தக் காலம் முடிஞ்சுது, வந்துட்டேன். ஆனா அந்தச் சோறு இன்னும் அங்கயே இருக்குதுங்க. கண்ண மூடுனா ஆவி பறக்குது. பக்கத்துல அன்பு நின்னுட்டு, 'நீதான கூப்புட்ட, எங்க சோறு'ன்னு கேக்கறான்."

ஏதாவது கிண்டல் செய்யலாம் என்று வாயைத் திறந்தேன். கூட வருகிறேன் என்றுதான் சொன்னேன்.

நினைவு நாளன்று மத்தியானம் அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே சுவரோரம் அன்புவின் படம், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு சிரிக்கிறான். எதிரே தலைவாழை இலையில் சோறு, முட்டைக் குழம்பு, அவனுக்குப் பிடித்த சந்தகை, தேங்காய்ப்பால். காக்காய்க்கு வைத்தாயிற்று. மதியழகன் நிலைப்படியில் நின்றுவிட்டான்.

முத்தாயம்மாள் திரும்பாமலே என்னிடம், "வெயில்ல நிக்க வேண்டாம், உள்ள வரச் சொல்லுங்க" என்றார். ஆட்டுக்குட்டியின் வேலை அன்று எனக்கு வந்தது. நான் அவன் முதுகில் கை வைத்துத் தள்ளினேன்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். குச்சியை நட்டது, "உனக்குத்தான்" என்று சொன்னது, கடை, காலி ஸ்டூல், ஓடி வந்தது. "என்ற வாயாலதாம்மா அவன் போனான்" என்று முடித்தான். நான் முத்தாயம்மாளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மார்பில் அடித்துக்கொள்வார், இல்லை இவனை அடிப்பார் என்று பயந்தேன்.

அவர் கேட்டது வேறு. "அந்தம்மா உனக்கு எடுத்து வெச்ச சோறு என்னாச்சு?"

"தெரியலம்மா."

"உக்காந்து தின்னுருக்கோணும். பெறாத புள்ளைக்கு ஒருத்தி சோறு எடுத்து வெச்சுட்டு வழி பாத்துட்டு இருந்திருக்கா. நான் போனவனையே நெனச்சு அழுதுட்டிருந்தேன். நீ அங்க தின்னியா, பட்டினி கெடக்கறயான்னு எனக்கு நெனப்பே வல்ல" என்றார்.

எழுந்து உள்ளே போனார். சோற்றுக் குண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்து அவன் முன்னால் வைத்தார். கரண்டியை எடுத்து, நட்ட நடுச் சோற்றில் நட்டமாகக் குத்தினார்.

மதியழகன் உடம்பு தூக்கிப்போட்டது. கை தானாக நீண்டது. முத்தாயம்மாள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இரு. நல்லாப் பாரு. தெனமும் இப்படித்தான் நட்டு வெச்சுட்டு நான் காட்டு வேலைக்குப் போவேன். நீங்க ரெண்டு பேரும் பள்ளிக்கூடம் உட்டு வந்து போட்டுத் தின்னீங்க. இப்படி வெச்சாச் சாவு வரும்னா, ரெண்டு பேரும் சின்ன வயசுலயே போயிருக்கோணும். அவன் கரண்டு கம்பி பட்டுத்தான் போனான். உன்ற வாயில போவல, சாமி."

பேச்சை நிறுத்திய பிறகு அவனைப் பார்த்து அவர் சொன்ன முதல் 'சாமி' அது. கையை விடாமல் அவனை உட்கார வைத்து, தம்பியின் இலையை அவன் பக்கம் இழுத்து வைத்தார். "வந்து தின்னுட்டுப் போன்னு கூப்புட்டீல்ல. கூப்புட்டவன் கூட உக்காந்து தின்னோணும். அதான் மொறை" என்றார்.

அவன் சாப்பிட்டான். அழுதுகொண்டே சாப்பிட்டான். சந்தகையைச் சத்தம் வர உறிஞ்சினான். யாரும் முதுகில் அடிக்கவில்லை. முத்தாயம்மாள் பரிமாறிப் பரிமாறி, ஒவ்வொரு தடவையும் கரண்டியைச் சோற்றில் நட்டமாகவே குத்தினார். எனக்கும் ஒரு இலை போட்டார். கூலிங் கிளாஸுக்குள்ளிருந்து அன்பு எங்களைப் பார்ப்பது போலவே இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன்.

சாப்பிட்டு முடித்து அவன் வாசலுக்குப் போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தான். முகம் தெளிந்திருந்தது. குண்டாவை முத்தாயம்மாள் உள்ளே எடுத்துப் போயிருந்தார். நான் கை கழுவப் புழக்கடைக்குப் போனேன். சமையலறை ஜன்னல் திறந்திருந்தது.

அவர் எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். குண்டாவில் இன்னும் பாதிச் சோறு இருந்தது, கரண்டி அதில் நின்றுகொண்டிருந்தது. வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பி, மகன் வரவில்லை என்று பார்த்துக்கொண்டார். பிறகு கரண்டியை மெல்லப் பிடுங்கி, முந்தானையில் துடைத்து, ஒரு தட்டில் படுக்க வைத்தார். வைத்துவிட்டும் கையை எடுக்கவில்லை. இனி அவருக்கு இருக்கிறது ஒரே பிள்ளைதான்.