ஃபைல் திறக்கவில்லை என்றால் மேரிதான் காரணமா?

போன சனிக்கிழமை மதியம். சாப்பாட்டுத் தட்டில் கை வைக்கிறேன் — கதவைத் தட்டும் சத்தம்.

ஜெபமேரி. எங்கள் மாடியில் குடியிருக்கிறவர். தூத்துக்குடிப் பக்கம் சொந்த ஊர். இங்கே நல்லூரிலேயே ஒரு பனியன் கம்பெனியில் பேட்டர்ன் மாஸ்டர். அதாவது, ஒரு டி-ஷர்ட்டுக்குக் கை எவ்வளவு, கழுத்து எவ்வளவு என்று கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பவர். அவர் வரைந்தால்தான் கட்டிங் டேபிளில் கத்தி ஓடும்.

எப்போதும் சிரித்த முகம். அன்றைக்குக் கண் சிவந்திருந்தது.

"அண்ணே, நான் ஃபைலை எல்லாம் பூட்டி வச்சுட்டேன்னு சொல்லுதாங்க. உங்களுக்கு லினக்ஸ் தெரியும்லா? ஒரு எட்டு வந்து பாருங்களேன்."

லினக்ஸ் தெரியும் என்றால்... கம்ப்யூட்டரை ஓட்டும் அந்த இலவச மென்பொருளைத்தான் பத்து வருஷமாக வீட்டில் வைத்திருக்கிறேன். இந்தப் பத்தியும் அதில்தான் டைப் ஆகிறது. கெடுத்துக் கெடுத்தே கற்றுக்கொண்டவன். கையைக் கழுவிவிட்டுக் கிளம்பினேன்.

போகிற வழியில் விஷயத்தைச் சொன்னார்.

கம்பெனியிலும் லினக்ஸ்தான். அங்கே பழைய கம்ப்யூட்டர் முக்கி முனகி ஓடிக்கொண்டிருந்ததால், முதலாளி குமரவேல் புதிதாக ஒன்று வாங்கியிருக்கிறார். அன்று காலை சர்வீஸ்காரர் வந்து பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் புதியதில் மாட்டினார். மேரியின் ஃபோல்டரைத் திறந்தால் 'பெர்மிஷன் டினைட்' — அனுமதி இல்லையாம். ஆறு வருஷத்துப் பேட்டர்ன்கள் உள்ளே. சர்வீஸ்காரர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொல்லிவிட்டார்.

"யாரோ வேணும்னே லாக் போட்டிருக்காங்க. எல்லாத்தையும் அழிச்சு ஃபார்மேட் பண்ணிடலாம்."

யாரோ என்றால் யார்? இந்த மாதத்தோடு நின்றுகொள்கிறேன், மங்கலத்தில் வேறு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது என்று மேரி இரண்டு வாரம் முன்புதான் சொல்லியிருந்தார். போதாதா? கட்டிங் டேபிளில் ஐந்து பேர் பார்க்க, குமரவேல் கேட்டாராம்:

"ஏனுங்க மேரி, போறப்ப வேலையக் காட்டிட்டுப் போறீங்களாட்ட இருக்குதுங்க?"

கவனியுங்கள். ஒரு வரியில் மூன்று 'ங்க'! இவ்வளவு மரியாதையாக ஒருவரைத் துரோகி என்று சொல்ல எங்கள் ஊரை விட்டால் ஆள் கிடையாது.

அதோடு விட்டாரா? மங்கலத்துக் கம்பெனி மேனேஜருக்கும் போன் போட்டு அதையே சொல்லிவிட்டார். திங்கட்கிழமை சேர வேண்டிய இடத்திலிருந்து மேரிக்கு மெசேஜ்: 'கொஞ்சம் பொறுங்க, சொல்றோம்.'

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போய் உட்கார்ந்தேன். அந்த ஃபைல்கள் யாருக்குச் சொந்தம் என்று கேட்டு ஒரு கமாண்ட் அடித்தேன். பதில், ஒரு நம்பர் — 1001. பெயர் இல்லை.

விஷயம் இதுதான். லினக்ஸுக்கு மேரியும் தெரியாது, குமரவேலும் தெரியாது. ஆளுக்கு ஒரு நம்பர் கொடுத்து வைத்திருக்கும். பழைய கம்ப்யூட்டரில் முதல் அக்கவுண்ட், அதை நிறுவிக் கொடுத்தவருடையது. அவர் 1000. இரண்டாவதாக வந்த மேரி 1001. புதிய கம்ப்யூட்டரில் மேரிதான் முதல் ஆள். அதனால் 1000. 'இது ஆயிரத்து ஒன்றுடைய ஃபோல்டர், உனக்கு இங்கே என்ன வேலை?' என்று மேரியின் ஃபைல்களே மேரியை வெளியே நிறுத்திவிட்டன.

யாரும் போடாத பூட்டு!

சொந்தக்காரர் நம்பரை மாற்றினால் முடிந்தது. மாற்றப் போனேன். 'ரீட் ஒன்லி ஃபைல் சிஸ்டம்' என்றது. படிக்கலாம், எழுத முடியாது. இது ஏன்? சர்வீஸ்காரரைக் கேட்டேன்.

"டிஸ்க்கைக் கழட்டறப்ப பழைய மெஷினை ஷட்டவுன் பண்ணுனீங்களா?"

"ஹேங் ஆகி நின்னுச்சுங்க சார். அப்படியே ஒயரைப் புடுங்கிட்டேன்."

எழுதிக்கொண்டிருந்த டிஸ்க்கின் உயிரைப் பாதியில் பிடுங்கியிருக்கிறார். கணக்கு வழக்கு குழம்பியதைப் பார்த்த லினக்ஸ், மேற்கொண்டு கெடக் கூடாது என்று எழுதுவதையே நிறுத்திக்கொண்டது. மெஷினுக்கு இருந்த நிதானம் மனிதர்களுக்கு இல்லை.

பழுது பார்க்கும் கமாண்ட் ஒன்று இருக்கிறது — எஃப்எஸ்சிகே. ஆனால் அதை எடுத்தவுடனே ஓட்டக் கூடாது. ரிப்பேரிலேயே இருப்பதும் போய்விடலாம். வீட்டிலிருந்து என் காலி டிஸ்க் ஒன்றை எடுத்து வந்து, முழுசாக நகல் எடுத்தேன். இரண்டரை மணி நேரம். மேரி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒருவரும் வரவில்லை.

நகலின் மேல் எஃப்எஸ்சிகே ஓட்டினேன். தவறுகளைச் சரி செய்தது. நம்பரை மாற்றினேன். ஃபோல்டர் திறந்தது.

எல்லாம் வந்தது — முப்பத்தொரு ஃபைலைத் தவிர. அவையும் எங்கும் போகவில்லை. பெயரைத் தொலைத்துவிட்டு, வெறும் நம்பரோடு, 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' என்ற ஃபோல்டரில் கிடந்தன. மேரி ஒவ்வொன்றாகத் திறந்தார்.

"இது போலோ காலர்ண்ணே... இது சின்னப் புள்ளைங்க நைட் டிரெஸ்... இது போன வருஷம் மூணு தடவ திருப்பி அனுப்புன கழுத்து."

கோடுகளைப் பார்த்தே சொல்லிச் சொல்லி, முப்பத்தொன்றுக்கும் பெயர் வைத்துக் கொடுத்தார். யாருக்கு? தன்மேல் பழி போட்டவரின் கம்பெனிக்கு!

குமரவேல் வந்து பார்த்தார். நம்பர் விஷயத்தை விளக்கினேன். முகத்தில் நிம்மதி.

"செரி விடுங்க மேரி. மனசுல வெச்சுக்காதீங்க. டீ சொல்லட்டுங்களா?"

டீயாம்!

நான் வாயைத் திறப்பதற்குள் மேரி எழுந்துவிட்டார்.

"டீ வேண்டாம் சார். மங்கலத்துக்குப் போன் போடுங்க. கட்டிங் டேபிள்ல வச்சு, ஸ்பீக்கர்ல போட்டுப் பேசுங்க. காலைல கேட்டவங்க எல்லாரும் இப்பவும் கேக்கட்டும்."

நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. குமரவேல் என்னைப் பார்த்தார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன்.

போட்டார். "நாந்தான் அவசரப்பட்டுத் தப்பாச் சொல்லிப்போட்டனுங்க. மேரி மேல ஒரு தப்பும் இல்லீங்க." கட்டிங் டேபிளில் ஐந்து பேரும் கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அவர்களில் ஒருவர் ஒடிசாக்காரர். தமிழ் எவ்வளவு புரிந்ததோ, மேரியைப் பார்த்து ஒரு தலையாட்டல்.

திங்கட்கிழமை மேரி மங்கலத்தில் சேர்ந்துவிட்டார்.

எனக்குத்தான் கோபம் இன்னும் அடங்கவில்லை. ஒரு மெஷின் நின்றால் 'என்ன ஆச்சு' என்று கேட்பதற்கு முன், 'யார் பண்ணினது' என்று ஏன் கேட்கிறோம்? அந்த 'யார்' மட்டும் எப்படி எப்போதும் வெளியூர்க்காரராகவோ, வேலையை விட்டுப் போகிறவராகவோ, பெண்ணாகவோ இருக்கிறது? மேரி பாவம், மூன்றுமாக இருந்துவிட்டார்.

அன்று கேட் வரை கூடவே வந்த சர்வீஸ்காரர் மெதுவாகச் சொன்னார்: "அந்த நம்பர் மேட்டர் எனக்குத் தெரியாதுங்க சார்."

தெரியாதது குற்றமே இல்லை, தம்பி. காலையிலேயே அதைச் சொல்லியிருக்கலாமே... 'தெரியாது' — நாலே எழுத்துதான்!