அழுகண்ணிக் கிழங்கு

என் கணவர் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் ஒரு முறை எங்களையெல்லாம் ஊட்டிக்கு டூர் கூட்டிப்போனார்கள். மற்றவர்கள் வர்க்கியும் தைலமும் வாங்கினார்கள். நான் ரோட்டோரப் புல்மேட்டில் மினுங்கிய நாலு அழுகண்ணிச் செடிகளை மண்ணோடு பெயர்த்து டிபன் பாக்ஸில் வைத்துக்கொண்டேன். இலையெல்லாம் பசைத்துளி. அதில் உட்கார்ந்த கொசு திரும்பிப் போகாது.

எங்கள் ஊரான நெருப்பெரிச்சலில் போர் தண்ணீர் ஒரே உப்பு. அதனால் செடிக்கென்று மழைத்தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்தேன். பக்கத்து நிட்டிங் யூனிட்டிலிருந்து பறந்து வந்து இலையில் ஒட்டும் பஞ்சைக் குண்டூசியால் எடுப்பது என் வேலை; சின்ன ஈயாகப் பிடித்து ஊட்டுவது அவர் வேலை. இலை சுருளும்போது, "சாப்புடுது பாரு புள்ள" என்று கூப்பிடுவார். புதிதாக வாங்கிய கேமரா செல்போனில் படம் பிடித்துக் கம்பெனியிலும் காட்டினார். கல்யாணமாகி நாங்கள் சேர்ந்து ரசித்த ஒரே விஷயம் அதுதான்.

தை மாதம் செடி கருகியது. அவர் முகம் வாடியதைப் பார்த்து, ஊட்டியில் ஒரு டீக்கடை அம்மா அன்றைக்கு என்னிடம் சொன்னதை அவரிடம் சொன்னேன். "சாகலீங்க. உள்ள மொளகாட்ட கெழங்கு இருக்குது. மழை வந்தா தானா மொளைக்கும்." மண்ணை விலக்கி மிளகளவு கிழங்கு ஒன்றைக் காட்டிவிட்டு மூடினேன்.

ஆனியில் மழை பெய்தது. தினமும் தண்ணீர் தெளித்தேன். டூட்டிக்குக் கிளம்புமுன் அவரும் குனிந்து பார்ப்பார். "முழிச்சுக்க நாளாகுமாட்ட இருக்குது, பொறு புள்ள" என்பார். ஆடியும் ஆவணியும் போயின. என் கைராசியைத்தான் நான் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஆயுதபூஜைக்குக் கம்பெனிக்குப் போனேன். முதலாளிக்கு ரசவாதப் பைத்தியம். பாதரசத்தைக் கட்டித் தங்கமாக்கப் போகிறாராம். பொரிப் பொட்டலத்தை நீட்டிக்கொண்டே, "உங்க ஊட்டு அழுகண்ணிக் கெழங்கு சுத்தமான சரக்குங்க அம்மிணி. மாசியிலயே அரைச்சுப் பாத்தாச்சு. இன்னும் ரெண்டு கெடைக்குங்களா?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற என் கணவர், மிஷினுக்குப் பொட்டு வைக்கத் திரும்பிக்கொண்டார்.

மாசியிலேயே! அப்படியென்றால் மழைக்காலம் முழுக்க நான் வெறும் மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். அது தெரிந்தே என்னோடு குனிந்து பார்த்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"சூப்பர்வைசராக்கறேன்னாரு புள்ள. காஞ்சுபோன செடிதானேன்னு குடுத்துட்டேன்" என்றார்.

காய்ந்துபோன செடிதானாம். அது உயிரோடு இருக்கிறது என்று இந்த உலகத்தில் நான் சொல்லியிருந்தது அவர் ஒருவரிடம்தான்.