ஓசிச் சோறு

மணிவோன் அக்காவுக்கு ஏன் கோபம் வருகிறது என்று எங்கள் தெருவில் யாரும் கேட்பதில்லை. வாசலை மறித்து வண்டி நிறுத்தினால் கோபம். மீன்காரி செவுளைத் திறந்து காட்டாமல் மீனை நிறுத்தால் கோபம். அவள் விடுதிக்கு எதிரில் எனக்கு நூடுல்ஸ் கடை. காலையில் அவள் சத்தம் கேட்காவிட்டால், உடம்புக்கு என்னவோ என்று என் மனைவி போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவாள்.

விடுதி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நாம்கான் ஆற்றுச் சரிவில் அப்பா விட்டுப்போன மரவீடு, மாடியில் நான்கு அறைகள். இளம் வயதில் எல்லை தாண்டிப் போய்ப் பாங்காக்கில் வீட்டுவேலை செய்து சேர்த்த காசில் அந்த அறைகளைக் கட்டினாள். அங்கே எஜமானியம்மாள் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. எங்கள் இனத்தின் பெயரை வைத்து "ஏய் லாவ்" என்றுதான் கூப்பிடுவாளாம். ஒருநாள் விருந்தாளிகள் முன்னால், "இந்த லாவுக்குக் குழாயைத் திறக்கவே நான்தான் சொல்லிக்கொடுத்தேன்" என்று சொல்லிச் சிரித்திருக்கிறாள். அக்கா தட்டைத் தரையில் வைத்துவிட்டு, மழையில் நனைந்தபடியே பஸ் நிலையத்துக்கு நடந்துவிட்டாள். பாங்காக் பேச்சு மட்டும் நாக்கில் தங்கிவிட்டது.

போன குளிர்காலத்தில் அந்தப் பாங்காக்கிலிருந்தே ஒரு ஜோடி வந்தது. வொரபோன், அவன் மனைவி ரட்சனி. குறைந்த செலவில் ஊர் சுற்றுவது எப்படி என்று வீடியோ போடுகிறவர்கள். வாடகையைக் கேட்டதும் வொரபோன் வாயைப் பிளந்தான்.

"ஆத்தைப் பாத்த ரூமாச்சே அக்கா. ஆறு என்ன உங்களோடதா? அதுக்கும் சேத்துக் காசு வாங்கறீங்களே."

"ஆறு என்னுதில்ல. ஜன்னல் என்னுது. மூடிட்டுத் தூங்கறதுன்னா கொறச்சுக்கறேன்."

ரட்சனி சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புக்காகவே அக்கா குறைத்துக் கொடுத்திருப்பாள் என்று நினைக்கிறேன். அவர்கள் அறைக்குள் அடுப்பு மூட்டி ரெடிமேட் நூடுல்ஸ் வேகவைத்தார்கள். அடுத்த அறைக்காரரின் சோப்பை எடுத்துக் குளித்தார்கள். அக்கா திட்டினாள், அவர்கள் சிரித்தார்கள், மறுபடி செய்தார்கள்.

அதற்குள் ரட்சனிக்குக் காய்ச்சல் கண்டது. வொரபோன் நீர்வீழ்ச்சியைப் படம் எடுக்கக் கிளம்பிப் போய்விட்டான். அக்காதான் இஞ்சி தட்டிப்போட்டுக் கஞ்சி வைத்தாள், நெற்றியில் ஈரத்துணி போட்டாள், பகல் முழுக்க அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "பொண்டாட்டி நெருப்பாக் கொதிக்கறா, இவனுக்கு அருவி கேக்குது" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

காய்ச்சல் விட்ட மறுநாள் விடியலில்தான் அது நடந்தது.

பிக்குகள் பிச்சைக்கு வரிசையாக வரும் நேரத்தில் எங்கள் தெருவில் பேச்சே இருக்காது. அக்கா தோளில் துண்டைக் குறுக்கே போட்டு மண்டியிட்டிருந்தாள். பக்கத்தில் நான். ஒவ்வொரு பாத்திரத்திலும் ஒரு உருண்டை பசையரிசிச் சோறு வைத்துக்கொண்டிருந்தோம். கோயில் சுவர் திரும்பும் இடத்தில், ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வரும் ஏழைப் பெண்கள் காலிக் கூடைகளோடு உட்கார்ந்திருப்பார்கள். தங்களுக்குப் போக மிஞ்சுவதை பிக்குகள் அந்தக் கூடைகளில் போட்டுவிட்டுப் போவார்கள்.

அந்தப் பெண்களுக்கு முன்னால், முதல் ஆளாக, வொரபோன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். மடியில் இருந்தது அக்கா சாப்பாட்டு மேசையில் பழம் வைக்கும் கூடை. எதிரே நின்று ரட்சனி படம் எடுத்துக்கொண்டிருந்தாள். பிக்குகள் யார் என்று பார்ப்பதில்லை. குனிந்த தலையோடு போட்டுக்கொண்டே போனார்கள். அவன் கூடை நிறைந்தது. அடுத்திருந்த அக்கரைப் பெண் புவாலியின் கூடையில் அடியில் கொஞ்சம்தான் விழுந்தது.

அக்காவின் விரல்களுக்கு நடுவே சோறு நசுங்குவதைப் பார்த்தேன். ஆனால் அசையவில்லை. கடைசி பிக்கு திருப்பத்தில் மறையும்வரை பொறுத்திருந்தாள். பிறகு எழுந்து போனாள்.

"எழுந்திரு."

"சும்மா வீடியோவுக்குக்கா. 'காசில்லாம காலை டிபன்'னு போடப்போறோம்."

"எழுந்திருன்னேன்."

"சாமியாருங்களே போடறாங்க, உங்களுக்கென்ன? நாங்களும் காசில்லாமத்தானே சுத்தறோம்."

"காசில்லாமயா? அவ கையில இருக்கற கேமராவ வித்தா இந்தப் புவாலி வீட்டுக் கூரையையே மாத்தலாம். உனக்குக் காசில்லாம இருக்கறது ஒரு வெளையாட்டு. சலிச்சுதுன்னா ஏரோப்ளேன் ஏறிடுவ. இவ எதுல ஏறுவா?"

"விடு மணிவோன், போகட்டும்" என்றாள் புவாலி மெதுவாக.

"நீ சும்மா இரு. எங்கம்மா என்னை இதே சுவத்தோரம் கூடையோட உக்கார வச்ச வருஷம் ஒண்ணு இருந்துது. கூடையில விழலன்னா அன்னிக்கு வீட்ல அடுப்பு எரியாது. அந்த எடத்துல உக்காந்துட்டு இவன் பல்லக் காட்டறான்."

இத்தனை வருஷம் எதிர்வீட்டில் இருந்தும் எனக்கு அது தெரியாது. அவள் கூடையைப் பிடுங்கிச் சோற்றைப் புவாலியின் கூடையில் கவிழ்த்தாள். வீட்டுக்குப் போய் அவர்கள் பைகளைத் தெருவில் கொண்டுவந்து போட்டாள். வாங்கிய வாடகையையும் பைமேல் வைத்தாள். அப்போது கத்தினாள் பாருங்கள், அக்கரையில் நாய்கள் குரைத்தன.

ஒரே வாரத்தில் வீடியோ வந்துவிட்டது. சுவரும் கூடையும் புவாலியும் அதில் இல்லை. பைகள் வந்து விழுவதும் அக்கா கத்துவதும் மட்டும் இருந்தன. கூடவே, எங்கள் நாட்டைச் சொல்லி, வொரபோனின் குரல்: "நம்ம தம்பி நாடு, பாவம், விருந்தாளியை எப்படி நடத்தறதுன்னு இன்னும் கத்துக்கலை." லட்சக்கணக்கான பேர் பார்த்தார்கள். சந்தையில் இளவட்டங்கள் அக்காவைக் கண்டால் அவள் குரலிலேயே கத்திக் காட்டினார்கள். அறை பதிவு செய்திருந்தவர்கள் ஒவ்வொருவராக ரத்து செய்தார்கள்.

வட்டத் தலைவர் சிசவாட் அவளைக் கூப்பிட்டுவிட்டார். ஊர்ப் பெயர் கெட்டுப்போகிறதாம், கேமரா முன்னால் மன்னிப்புக் கேட்டுவிட்டால் முடிந்துவிடுமாம்.

எனக்கும் வியாபாரம் படுத்திருந்தது. "ஒரு வார்த்தைதானேக்கா, சொன்னா என்ன கொறஞ்சுபோகும்?" என்றேன்.

"ஒன் குழம்பு கொதிச்சு வழியுது கம்சாய். அதப் போய்ப் பாரு."

ஆனால் போனாள். நல்ல பட்டுப் பாவாடை கட்டி, தலையை வாரிக் கொண்டை போட்டு வந்தாள். பணிந்துவிட்டாள் என்றே எல்லோரும் நினைத்தோம். சிசவாட் தன் செல்போனைத் தூக்கிப் பிடித்து, "ரெண்டே வார்த்தை. சிரிச்ச முகமா" என்றார்.

அவள் சிரிக்கவில்லை. பாங்காக் பேச்சிலேயே பேசினாள்.

"நான் மணிவோன். கத்துனது நாந்தான். நாளைக்கு வந்து அதையே செஞ்சீங்கன்னா நாளைக்கும் கத்துவேன். பசிச்சவ கூடையில விழவேண்டிய சோத்த எடுத்துத் தின்னுட்டு அதப் படம் வேற புடிச்சீங்க. அந்தப் படத்தப் போட மட்டும் தைரியம் வரல. எங்களத் தம்பின்னு சொல்றீங்க. தம்பி வீட்டுக்கு வர்ற அண்ணன் கையில எதாவது கொண்டு வருவான். நீங்க எங்க கூடையத் தூக்கிட்டுப் போனீங்க. உங்க ஊர்ல பாத்திரம் கழுவுன லாவ் நான். எச்சில் தட்டு எது, நல்ல தட்டு எதுன்னு எனக்குத் தெரியும்."

சிசவாட் செல்போனை இறக்கினார். "இதையா போடச் சொல்ற?"

"போடு, போடாமப் போ. கூப்ட்டீங்க, வந்தேன், பேசிட்டேன்."

அவர் போடவில்லை. அந்தக் கோடை முழுக்க நான்கு அறைகளும் பூட்டியே கிடந்தன. அக்கா நகையை விற்றாள், யாரிடமும் கை நீட்டவில்லை. கடைசியில் மாகாண ஆஸ்பத்திரி நர்ஸ்கள் மாத வாடகைக்கு வந்தார்கள். முன்பு கிடைத்ததில் பாதிகூட வராது. ஈரத்துணியைக் கட்டிலில் போட்டால் அவர்களுக்கும் நன்றாகவே திட்டு கிடைக்கிறது.

மழைக்கு முன்னால் ஒருநாள், என் கடையில் அவள் உட்கார்ந்திருந்தபோது ரட்சனியின் குரல்பதிவு வந்தது. அழுதுகொண்டே பேசியிருந்தாள். கணவனைக் கேட்காமலே வீடியோவை நீக்கிவிட்டாளாம். "நீங்க குடுத்த கஞ்சிய நெனச்சா சோறு எறங்க மாட்டேங்குது, என்னை மன்னிச்சிருங்கக்கா" என்றாள்.

அக்கா அதை இன்னொரு தடவை போட்டுக் கேட்டாள்.

"மன்னிச்சிட்டியாக்கா?"

"காய்ச்சல்ல கெடந்தப்ப அவ கையப் புடிச்சிட்டு உக்காந்திருந்தேன்டா. மறுநாள் அந்தக் கையாலதான் படம் புடிச்சா."

"அப்ப இல்லையா?"

"இல்ல."

செல்போனை வாயருகே கொண்டுபோய்ப் பதில் பேசினாள். "என்கிட்ட கேக்காத. கூடை என்னுது, சோறு புவாலியோடது. அந்தச் சுவத்தோரம் வந்து அவகிட்ட கேளு. காலைல வா, அப்பதான் இருப்பா."

ரட்சனி வரவில்லை, பதிலும் அனுப்பவில்லை. அதற்கும் அக்கா கோபப்பட்டாள்.