மெயினை இறக்கியது நான்தான்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பாதி மறந்தும் போச்சு. ஆபீஸ் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் என்று எங்கள் ஆபீஸ் செல்வி சொன்னதால் எழுதுகிறேன். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பட்டாசுக் கம்பெனியில் டப்பா ஒட்டும் பிரிவில் சேர்ந்த முதல் நாளே போர்மேன் சொன்னார்: "கடைசியா போறவுக கரண்டு மெயின் சுவிட்ச இறக்கிட்டுத்தான் போகணும். மறந்தா, தீப்பிடிச்சு, காலையில வேலைக்கு வர ஷெட்டே இருக்காது."

முழங்கால் வலி வந்ததும் முதலாளி என்னைத் திருத்தங்கல் ஆபீசுக்கு மாற்றினார். கூட்டுவது, டீ கொடுப்பது, சாயங்காலம் பூட்டுவது என் வேலை. அங்கேயும் மெயினை இறக்கிவிட்டுத்தான் பூட்டுவேன். மேசைக்குக் கீழே யுபிஎஸ் கீகீ என்று கத்தும். கரண்டு போனாலும் கம்ப்யூட்டரை ஓட வைக்கிற பெட்டியாம்; அதையும் அமுக்கி அணைத்துவிடுவேன்.

தீபாவளி சீசனில் ஒரு நாள் விருதுநகரிலிருந்து கம்ப்யூட்டர் சர்வீஸ்காரர் வந்தார். கம்ப்யூட்டர்களைப் பார்த்தவர் தலையில் கை வைத்துவிட்டார்.

"ஒண்ணுலகூட அப்டேட் ஏறல சார். இதுல ஒரு ஓட்டை இருக்கு. சாதாரண ஆளா உள்ள வர்றவன் அது வழியா அட்மின் ஆயிருவான். அட்மின்னா முதலாளி மாதிரி. திருடனுக இப்பவே அத வச்சுத்தான் வேல பாக்கானுக."

"அவன் முதலாளி ஆயிட்டா நான்?"

"நீங்க சும்மா ஆளு."

"அப்ப இந்த சீசன் டென்சனையும் அவனே பாத்துக்கிடுவானா?" என்ற முதலாளி, லேபிள் டிசைன் செய்யும் செல்வியிடம் திரும்பினார். "ஏம்மா, நீதான அப்டேட் பாக்கணும்? நாளையிலருந்து வராத."

செல்விக்குக் கண் கலங்கிவிட்டது. "தெனமும் சாயங்காலம் அப்டேட் போட்டுட்டுத்தான் சார் போறேன். அது பாட்டுக்கு ஓடி முடிஞ்சு தானா ஆஃப் ஆயிரும். காலையில வந்தா ஏறவே இல்லங்குது."

நான் டீத் தட்டை மேசையில் வைத்தேன். முதலாளி முன்னால் நான் வாய் திறந்தவளே இல்லை.

"மொதலாளி, அது நான்தான்."

"நீங்களா? கம்ப்யூட்டரத் தொடவே பயப்படுவீகளே பாக்கியம்மா!"

"கம்ப்யூட்டரத் தொடல. மெயினத்தான் இறக்குனேன். தெனமும்."

சர்வீஸ்காரர் சிரித்துப் புரையேறி, நான் கொடுத்த டீயையே கொட்டிவிட்டார். "பாதியில கரண்டு போனா, ஏறுனது அம்புட்டும் திரும்ப இறங்கிரும்லா!"

"மெயின இறக்கச் சொன்னது நம்ம கம்பெனிதான்," என்று முதலாளி முனகினார். செல்வியிடம், "போயி வேலையப் பாரும்மா," என்றார்.

அன்றிலிருந்து அப்டேட் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில். காவல் நான். ஒரு நாள் ஆர்டர் பார்க்க முதலாளி அவசரமாக வந்து பட்டனில் கை வைத்தார்.

"கைய எடுங்க மொதலாளி! எழுபத்தாறு பர்சென்ட்லதான் நிக்கிது!"

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நூறு வரும்வரை நின்றார். அந்தக் கால் மணி நேரம் நான்தான் அட்மின்.

நான் படித்துக்கொண்டது இதுதான்: மெயினை இறக்குங்கள். அதற்கு முன் திரையைப் பாருங்கள். வட்டம் சுற்றினால் காத்திருங்கள்.

அந்த ஓட்டை விவரமும், எழுபத்தாறா அறுபத்தேழா என்பதும் எனக்கு நிச்சயமில்லை. செல்வி பார்த்துத் திருத்தித் தர வேண்டும். அவள் இதைக் கம்ப்யூட்டரில் அடித்து முடிக்கும்வரை நான் மெயின் பக்கம் போக மாட்டேன்.