கைப்பிரேக் இல்லாத கார்

நேற்று ஒரு கராஜில் பழைய எண்ணெயும் நனைந்த பலகையும் கலந்த வாசம் வந்ததும் என் கால் தன்பாட்டில் தரையை அமத்தியது. பாலம் வருவதற்கு முன் மண்முனையில் வாவியைக் கடக்க ஒரு தட்டையான படகு இருந்தது. அதைப் 'பாதை' என்போம். அதில் வீசிய வாசம் அது.

கழித்துப்போட்ட லொறிகளின் உறுப்புகளைப் பொறுக்கி வளவுக்குள் ஒரு காரையே செய்து முடித்த பெரியப்பா, "நம்மட ஊரில மேடு எங்க கிடக்கு?" என்று சொல்லிக் கைப்பிரேக்கை மட்டும் பூட்டாமல் விட்டிருந்தார். காரைப் பாதையில் ஏற்றியதும், வழக்கம்போல ஆம்பிளைகளோடு சேர்ந்து பாதையைத் தள்ளக் கம்பு ஊன்ற இறங்கியவர், "புள்ள, இத அமத்திப் பிடி. காலை எடுத்திராத" என்று கால்பிரேக்கைப் பக்கத்தில் இருந்த என்னிடம் விட்டுப் போனார். ஆசனத்திலிருந்து சரிந்தால்தான் எனக்குக் கால் எட்டும். சரிந்தால் வானமும் தெரியாது, கரையும் தெரியாது, தரைப்பலகை இடுக்கில் கறுத்த தண்ணீர் மட்டுமே தெரியும். நடு வாவியில் காற்றுக் கிளம்பிப் பாதை பின்பக்கம் சாயச் சாய, கார் முனகி முனகி என் காலைத் தள்ளியது. பின்னால் தடுப்பென்று இருந்தது ஒரு கயிறுதான்.

பாதை கரை தட்டியது. "காலை எடு, புள்ள" என்றார் பெரியப்பா. கால் வரவில்லை. அவரே குனிந்து என் பாதத்தைப் பிடித்தார். கை நடுங்கிய நடுக்கத்தில் அவராலும் அதை எடுக்க முடியவில்லை.